நாலு மணி நேர ஜெனரேட்டர்

ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கேவிஏ வாங்கணும்?" என்பதுதான். கடைக்காரரும் வீடு எவ்வளவு பெரிது, ஏசி உண்டா என்று விசாரித்துவிட்டு, குடோனில் எது தேங்கிக் கிடக்கிறதோ அதற்குத் தோதாக ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அதை ஓட்டப் போகிறீர்கள்?

என் பதில், நாலு மணி நேரம். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. மீதி இருபது மணி நேரமும் அது அணைந்தே இருக்க வேண்டும். இந்த ஒரு முடிவை முதலில் எடுத்துவிட்டால் எந்த அளவு மெஷின், எவ்வளவு பெட்ரோல், எங்கே வைப்பது, அக்கம்பக்கத்தாரோடு சண்டை வருமா வராதா எல்லாமே தானாகத் தெளிந்துவிடும். வாங்கிய ஜோரில் விடிய விடிய ஓட்டி, மூன்றாம் நாள் பெட்ரோல் தீர்ந்து, அதற்குள் எண்ணெய் வற்றி இன்ஜினும் சிக்கிக்கொண்ட வீடுகள் கடலோர மாவட்டங்களில் நிறைய உண்டு.

யாருக்கு ஜெனரேட்டர் தேவை என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலைவரை கரண்ட் எடுக்கிறார்கள், அவ்வப்போது அரைமணி, ஒருமணி போகிறது என்றால் அதற்கு ஜெனரேட்டர் வேண்டாம். நல்ல டியூபுலர் பேட்டரியோடு ஓர் இன்வெர்ட்டர் போதும். சத்தமில்லை, புகையில்லை, எழுந்து போய்க் கயிறு இழுக்க வேண்டியதும் இல்லை. ஜெனரேட்டருக்கு வேலை வருவது கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நாட்களில்தான். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் அப்படி இருந்தது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா சென்னையில் மரங்களையெல்லாம் சாய்த்தபோது நகரத்துக்காரர்களும் அதைப் பார்த்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் உள்கிராமங்களில் பலவற்றுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் டெல்டாவில் ஜெனரேட்டர் பிரதானமாகச் செய்த வேலை விளக்கு எரித்தது அல்ல. வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, போர் மோட்டாரை ஓட்டி, டேங்கை நிரப்பிக் கொடுத்து மணிக் கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். இன்னொரு பக்கம் செல்போன் சார்ஜ். தண்ணீரும் போனும் இருந்தால் மற்றதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று ஊரே கண்டுகொண்டிருந்தது.

அதுதான் நாலு மணி நேரக் கணக்கின் அடிப்படையும். கரண்ட் இல்லாத நாளில் ஒரு வீட்டுக்குத் தேவையானவற்றில் பெரும்பாலானவை சேர்த்து வைக்கக் கூடியவை. தண்ணீர் டேங்கில் நிற்கும். குளிர் ஃப்ரிட்ஜுக்குள் நிற்கும். மின்சாரம் இன்வெர்ட்டர் பேட்டரியில் நிற்கும். இந்த மூன்றையும் நிரப்பிவிட்டு ஜெனரேட்டரை அணைத்துவிடலாம்.

இப்போது கேவிஏ. அரை எச்பி மோனோபிளாக் மோட்டார் ஓடும்போது சுமார் 600 வாட் இழுக்கும். ஆனால் சுவிட்சைப் போடும் அந்த நொடியில் அதைப்போல மூன்று மடங்கு, சில மோட்டார்களில் அதற்கும் மேல் கேட்கும். ஒரு எச்பி மோட்டார் என்றால் ஓடும்போது 1,100 வாட், கிளம்பும்போது 3,000-க்கும் மேல். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான், ஆனால் அதற்குள்ளும் ஒரு கம்ப்ரஸர் மோட்டார் இருப்பதால் கிளம்பும்போது அதுவும் பல மடங்கு கேட்கும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட். எல்இடி பல்பு 9 வாட். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது 200 முதல் 250 வாட் எடுக்கும். அரை எச்பி மோட்டார், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், இரண்டு ஃபேன், நாலைந்து லைட், ஒரு டிவி என்று கூட்டிப் பாருங்கள். 1,300 வாட்டுக்குள் அடங்கும். மோட்டார் கிளம்பும் நொடிக்கும் சேர்த்து 2 முதல் 2.5 கேவிஏ மெஷின் தாராளம். வீட்டில் ஒரு எச்பி மோட்டார் என்றால் 3 கேவிஏவுக்குப் போக வேண்டும்.

விளம்பர அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது 'மேக்ஸிமம்', அந்த அளவை மெஷின் சில நிமிடம்தான் தாங்கும். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'ரேட்டட்' என்று இன்னோர் எண் இருக்கும். கணக்கு அதில்தான். அதிலும் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஏற்றாமல் இருப்பது நல்லது.

பட்டியலில் ஏசி, கீசர், இன்டக்ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்டக்ஷன் அடுப்பு ஒன்றே 2,000 வாட். சூடு உண்டாக்கும் எதையும் பெட்ரோலில் ஓட்டுவது காசைக் கரியாக்கும் வேலை. ஏசிக்காக 5 கேவிஏ வாங்கிவிட்டு, மற்ற நேரமெல்லாம் அதில் இரண்டு ஃபேனும் நாலு பல்பும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய இன்ஜின் லோடே இல்லாமல் ஓடினாலும் தன்னைச் சுற்றவைக்கவே பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கில் கரி வேறு படியும். தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டர் வாங்குவது கெட்டிக்காரத்தனம் இல்லை.

இங்கே ஒரு விஷயம் பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிய வருகிறது. வீட்டு போர் மோட்டார் த்ரீ பேஸ் என்றால் சிங்கிள் பேஸ் ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ இருந்தாலும் அது ஓடாது. மூன்று வயரையும் ஒன்றாக முறுக்கிக் கொடுத்தால் ஓடும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். காயில் கருகும். அப்படிப்பட்ட வீட்டில், சம்ப்பிலிருந்து மேலே ஏற்ற அரை எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்று தனியாக வைத்துக்கொள்வது பெரிய ஜெனரேட்டர் வாங்குவதைவிடச் சிக்கனம். புயல் வரும் செய்தி கேட்டதும் கரண்ட் இருக்கும்போதே சம்ப்பை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இன்வெர்ட்டரோடு சேர்த்து ஓட்டும்போது ஒரு சிக்கல் வரும். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் கரண்ட் இருக்கும், ஆனால் இன்வெர்ட்டர் மட்டும் 'பேட்டரியில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும், சார்ஜ் ஏறாது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர்களின் பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். 'யுபிஎஸ்' என்று ஒரு பக்கம், 'நார்மல்' அல்லது 'இகோ' அல்லது 'வைட்' என்று மறுபக்கம். யுபிஎஸ் பக்கம் இருந்தால் வோல்ட்டேஜ் சுமார் 180-லிருந்து 260-க்குள் நிலையாக வந்தால்தான் அது ஏற்றுக்கொள்ளும். சின்ன ஜெனரேட்டர் கொடுக்கும் கரண்ட் லோடு ஏறி இறங்கும்போது ஆடும், அதனால் இன்வெர்ட்டர் தள்ளிவிடுகிறது. சுவிட்சை மறுபக்கம் தள்ளினால் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், இ.பி. கரண்ட் திரும்பியதும் மறக்காமல் பழைய இடத்துக்கே தள்ளிவிட வேண்டும்.

நாலு மணி நேரத்தில் பேட்டரியில் எவ்வளவு ஏறும்? வீட்டு இன்வெர்ட்டர் 10 முதல் 15 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும். நாலு மணி நேரத்தில் சுமார் 50 ஆம்பியர்-ஹவர். 12 வோல்ட் பேட்டரியில் அது 600 வாட்-ஹவர், வழியில் வீணாவது போக 450 கைக்கு வரும். இரண்டு பிஎல்டிசி ஃபேன், இரண்டு எல்இடி, ஒரு மோடம், போன் சார்ஜர் என்றால் ஐந்து மணி நேரம் தாங்கும். அதே இடத்தில் பழைய 75 வாட் ஃபேன் இரண்டு ஓடினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஜெனரேட்டர் வாங்க ஒதுக்கிய பணத்தில் படுக்கை அறை ஃபேன்களை முதலில் மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கரண்ட் பில்லும் குறையும் என்பது கூடுதல் லாபம்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி நாலு மணி நேரம் குளிர் காக்கும், ஃப்ரீசர் அதைவிட வெகுநேரம். புயல் எச்சரிக்கை வந்த அன்றே தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி ஃப்ரீசரில் காலி இடமே இல்லாமல் அடுக்கிவிடுங்கள். உறைந்த பிறகு அவைதான் உங்கள் குளிர் பேட்டரி. ஜெனரேட்டர் ஓடும் இரண்டு மணி நேரத்தில் அவை மீண்டும் இறுகும், அணைத்ததும் இரண்டு பாட்டிலைக் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடலாம். இப்படிச் செய்தாலும் கறி, மீன், முந்தாநாள் குழம்பு ஆகியவற்றை அந்த வாரம் ஃப்ரிட்ஜை நம்பி வைக்காதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் ஃப்ரிட்ஜில் அதற்குத்தான் முதல் இடம். பாட்டிலோடு உறைந்துவிடாமல் ஐஸ் பாட்டிலிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

புகையும் தூரமும்

ஜெனரேட்டரின் சைலன்சரிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு கலந்த புகை. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போனால் ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். புகை கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று நினைப்பதுதான் ஆபத்து.

நம் ஊரில் ஜெனரேட்டர் எங்கெல்லாம் வைக்கப்படுகிறது? மழை பெய்கிறதென்று போர்டிகோவில். திருட்டுப் போய்விடும் என்று கிரில் போட்ட வராண்டாவில். மாடிப்படிக்கு அடியில். பின்கட்டில், சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. இந்த நான்கும் தவறு. வீட்டிலிருந்தும், பக்கத்து வீட்டு ஜன்னல்களிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக வேறு ஏதாவது ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வரும்.

மழைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாலு கால் நட்டு மேலே ஒரு தகரம் போடுங்கள், பக்கங்கள் நாலும் திறந்தே இருக்கட்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அல்லது கான்கிரீட் மேடை கட்டி அதன்மேல் வையுங்கள். தார்ப்பாயைப் போர்த்தியபடி ஓட்டக் கூடாது, தீப்பிடிக்கும். காற்று வேகமாக அடிக்கும்போது ஓட்டவே வேண்டாம். புயல் கரையேறும் இரவுக்கு இன்வெர்ட்டர் போதும், ஜெனரேட்டர் மறுநாளுக்கு. இரவு தூங்கும்போதும் ஓடக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரக் கணக்கின் பெரிய லாபமே இதுதான், மெஷின் ஓடும்போது வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள்.

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, அசதி. இதுதான் முதல் அறிகுறி. புயல் முடிந்த வாரத்தில் எல்லோருக்கும் அலைச்சல் இருக்கும், அதனால் 'தூக்கம் போதவில்லை' என்று படுத்துவிடத் தோன்றும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால் படுக்கக் கூடாது. எல்லோரும் வெளியே திறந்த காற்றுக்கு வந்துவிட வேண்டும், மெஷினை அணைக்க வேண்டும், 108-ஐ அழைக்க வேண்டும், டாக்டரிடம் 'ஜெனரேட்டர் ஓடியது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கி வைத்த விரல் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்து '98 காட்டுகிறது, நன்றாகத்தான் இருக்கிறோம்' என்று தேறுதல் கொள்ள வேண்டாம். அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆள் மயங்கும் நிலையிலும் அது நல்ல எண்ணைக் காட்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் படுக்கை அறையில் வையுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரே வரி. பால்கனியில் வைக்கவே கூடாது. உங்கள் தேவையைச் சங்கத்தின் பொது ஜெனரேட்டரிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

இருபக்கப் பிளக்

இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த ஒரு வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை சமையலறையின் 15 ஆம்பியர் சாக்கெட்டில். வீடு முழுக்க லைட் எரியும். இதைச் செய்து கொடுக்கும் எலக்ட்ரீஷியன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், 'மெயினை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க சார்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் மெயினை ஆஃப் செய்ய மறந்தால் என்ன ஆகும்? உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மீட்டர் வழியாகப் பின்னால் போய், கம்பத்தில் ஏறி, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரை அடையும். டிரான்ஸ்ஃபார்மருக்கு எது முன், எது பின் என்று தெரியாது. 11,000 வோல்ட்டை வீட்டுக்கேற்றபடி இறக்கிக் கொடுக்கும் அதே காயில், பின்னாலிருந்து வரும் கரண்ட்டை 11,000-க்கு ஏற்றிக் கொடுக்கும். அறுந்த கம்பியைக் கையில் பிடித்தபடி அங்கே ஒரு லைன்மேன் நின்றுகொண்டிருப்பார். கஜா நேரத்தில் மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் டெல்டாவுக்கு வந்து இடுப்பளவு சேற்றில் கம்பம் நட்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு உங்கள் தெருவில் யார் வீட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இது ஒருபுறம். பிளக் பாதி கழன்றால் அதன் கம்பிகள் கரண்ட்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், வீட்டுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில். மெயின் ஆனில் இருக்கும்போது இ.பி. கரண்ட் திரும்பினால் ஜெனரேட்டரே எரிந்துபோகும்.

இதற்குச் சரியான வழி சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் இ.பி., நடுவில் ஆஃப், மறுபக்கம் ஜெனரேட்டர். கைப்பிடி ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் நிற்கும், மறதிக்கு இடமில்லை. பேஸை மட்டும் மாற்றுவதை வாங்காதீர்கள், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் டபுள் போல் சுவிட்சாக இருக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மீட்டருக்குப் பின்னால் போடுங்கள். த்ரீ பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் மோட்டார், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் ஆகிய மூன்றையும் ஒரே பேஸுக்குக் கொண்டுவந்து அந்த ஒரு பேஸை மட்டும் சேஞ்ச்ஓவரில் எடுப்பது சுலபம். வேலை செய்பவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: "ஜெனரேட்டரில் ஓடும்போது ஆர்சிசிபி டிரிப் ஆகுமா?" பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. அப்படியே விட்டால் ஷாக் அடித்தாலும், கரண்ட்டைத் துண்டித்துக் காக்க வேண்டிய அந்தக் கருவி விழாமல் போகலாம். என்ன செய்ய வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அவர் டெஸ்டரோடு சோதித்துக் காட்ட வேண்டும்.

சேஞ்ச்ஓவர் போட இப்போது வசதியில்லை என்றால் வீட்டு வயரிங்கைத் தொடாதீர்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் த்ரீ கோர் செம்பு கேபிளில் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலிருந்து நேராக ஃப்ரிட்ஜுக்கும் மோட்டாருக்கும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் யாருக்கும் ஆபத்தில்லை. கல்யாண வீட்டு சீரியல் செட் வயரை இதற்கு இழுக்கக் கூடாது. கையால் தொட்டு வயர் சூடாக இருந்தால் அது பத்தாத வயர்.

பெட்ரோலும் எண்ணெயும்

லைசென்ஸ் இல்லாமல் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் வைத்துக்கொள்ளலாம்? 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் சொல்லும் அளவு 30 லிட்டர். அதுவும் உலோகக் கேனில் என்றால் ஒன்று 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது, கண்ணாடியில் என்றால் ஒரு லிட்டர்தான். பிளாஸ்டிக் கேனுக்குச் சட்டத்தின் அந்தப் பிரிவில் இடமே இல்லை. பல பங்குகளில் தண்ணீர் பாட்டிலில் தர மறுப்பதை மனதில் வைத்து, மூடி இறுக்கமாக உள்ள உலோகக் கேன் ஒன்றை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சமையலறையிலோ பூஜை அறைப் பக்கமோ வைக்காதீர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2 கேவிஏ மெஷின் நடுத்தர லோடில் மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாலு மணி நேரத்துக்கு 3 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்றால் நாளைக்கு 300 ரூபாய். சட்டம் அனுமதிக்கும் 30 லிட்டர் பத்து நாள் வரும். அதையே இரவும் பகலும் ஓட்டினால் லோடு குறைவாக இருந்தாலும் 15 லிட்டர் ஆகும், 30 லிட்டர் இரண்டே நாளில் காலி. பிறகு மரம் விழுந்த ரோட்டில் கேனைத் தூக்கிக்கொண்டு பங்கைத் தேடிப் போக வேண்டும். சமையல் காஸ் சிலிண்டரில் ஓட்டும் கிட் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். சமையலுக்கென்று கொடுக்கும் சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்த விதியில் அனுமதி இல்லை, ஆபத்தும் அதிகம்.

ஓடும் மெஷினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அணைத்த உடனே ஊற்றுவதும் அதே அளவு ஆபத்துதான். சைலன்சர் ஆறக் கால்மணி நேரமாவது விட வேண்டும்.

புது ஜெனரேட்டர் பெரும்பாலும் எண்ணெய் இல்லாமல்தான் பெட்டியில் வரும். அதைக் கவனிக்காமல் கயிறு இழுத்தால் ஆயில் சென்சார் உள்ள மெஷின் கிளம்பாது, நல்லவேளை. சென்சார் இல்லாதது கிளம்பிவிடும், சற்று நேரத்தில் பிஸ்டன் சிக்கிவிடும். புத்தகத்தில் சொன்ன கிரேடு எண்ணெயை ஊற்றி, சமதரையில் வைத்துக் கோலை எடுத்து அளவு பாருங்கள். முதல் எண்ணெய் மாற்றம் சுமார் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, அடுத்தடுத்து 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. நாளைக்கு நாலு மணி நேரம் என்றால் முதல் மாற்றம் ஐந்தாம் நாளே வந்துவிடும், அதனால் ஒரு லிட்டர் எண்ணெய் வீட்டில் இருக்கட்டும், கூடவே ஒரு ஸ்பார்க் பிளக்கும்.

ஆபத்து நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் கார்புரேட்டர்தான் காரணம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கீழே தண்ணீர் தங்கும், கார்புரேட்டரின் ஊசித் துளை பிசின்போல அடைத்துக்கொள்ளும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, பெட்ரோல் குழாயை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள். அதோடு கார்புரேட்டரும் காய்ந்துவிடும். அந்தப் பெட்ரோலை பைக்கில் ஊற்றிக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை அரை லிட்டர் ஊற்றி இருபது நிமிடம், ஃப்ரிட்ஜையோ மோட்டாரையோ மாட்டி, லோடோடு ஓட்டுங்கள். சும்மா உறுமவிட்டு அணைப்பதில் பயனில்லை.

கிளப்பும் முறை எளிது. லோடு இல்லாமல் கிளப்பி, சோக்கைத் தள்ளி, மூன்று நிமிடம் சூடாக விடுங்கள். முதலில் மோட்டார், ஏனென்றால் கிளம்ப அதிகம் கேட்பது அதுதான், மற்றவை ஏறிய பிறகு கேட்டால் மெஷின் திணறும். பிறகு ஃப்ரிட்ஜ், அதற்குப் பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் ஃபேனும் லைட்டும். அணைக்கும்போது எல்லா லோடையும் எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

கடையில் மெஷினைப் பார்க்கும்போது ஒரு பல்பு எரிய வைத்துக் காட்டுவார்கள். வீட்டிலிருந்து இரண்டு அயர்ன் பாக்ஸ் எடுத்துப் போங்கள். 1,000 வாட் ஒன்று, 750 வாட் ஒன்று. இரண்டையும் மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லி, மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ் பாருங்கள். 230-க்குப் பக்கத்தில் நிலையாக நின்றால் வாங்கலாம். 200-ஐ நோக்கி இறங்கினாலோ, இன்ஜின் இரைப்பு ஏறி இறங்கினாலோ, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். பழைய மெஷினுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் கயிறு இழுக்கும் மெஷின் சரிப்படாது, செல்ஃப் ஸ்டார்ட் பாருங்கள். லேப்டாப், மருத்துவக் கருவிகள் ஓட வேண்டும் என்றால், விலை கூடினாலும், இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் வாங்கலாம். கரண்ட் சீராக வரும், சத்தமும் குறைவு.

எல்லா வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்பதும் இல்லை. ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு 3 கேவிஏ வாங்கி, சக்கரம் வைத்த தள்ளுவண்டியில் ஏற்றி, ஒவ்வொரு வீட்டிலும் ஒருமணி நேரம் டேங்க் நிரப்பிக்கொண்டால் கஜா நாட்களில் வெளியிலிருந்து வண்டி வரக் காத்திருந்த நிலை வராது. வருடம் முழுவதும் அதைப் பராமரிக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பொதுச் சொத்தின் ஸ்பார்க் பிளக்கை யாரும் கழற்றித் துடைக்க மாட்டார்கள்.

அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள், எண் 94987 94987. உங்கள் தெருக் கம்பத்தில் யாராவது ஏறுவதைப் பார்த்தால், சேஞ்ச்ஓவர் இருந்தாலும் ஜெனரேட்டரை அணைத்துவிட்டு வெளியே போய் "எங்க வீட்ல ஜெனரேட்டர் இருக்குங்க, ஆஃப் பண்ணிட்டோம்" என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். சேஞ்ச்ஓவர் வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்ன பிறகு எந்த எலக்ட்ரீஷியனும் போனை எடுக்க மாட்டார்.